தராசை யார் பிடிக்கவேண்டும்?

(ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பெற்றோரின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த இளையோர் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் சமநிலை காண்பது எப்படி என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. விரும்பித்தான் ஏற்றேன். ஆனால் அந்தக் கேள்வியை இளையோரிடம் கேட்கப்போவதில்லை. முன்வரிசையில் இருக்கிற பெரியவர்களான எங்களிடம்தான் கேட்கப்போகிறேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஒரு தராசைக் கொடுக்கிறோம். ஒரு தட்டில் தாய் தகப்பனின் ஊர், மறுதட்டில் தான் வளரும் ஊர். முள் அசையாமல் பிடித்துக்கொள் என்கிறோம். தட்டுகளில் பாரம் ஏற்றுவது பிள்ளையல்ல. வீடு ஏற்றுகிறது, பள்ளிக்கூடம் ஏற்றுகிறது, தெருவும் அரசாங்கமும் ஏற்றுகின்றன. முள் சாய்ந்தால் மட்டும் பிழை பிள்ளையின் தலையில். இது நியாயமில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரொறன்ரோப் பள்ளிக்கூடங்களில் புதிதாக வந்து சேரும் குடும்பங்களுக்கு உதவுவது என் வேலை. ஒரு பெற்றோர் சந்திப்பு நாள். ஒரு மேசையில் ஒரு குடும்பத்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பக்கம் ஆசிரியை, எதிரே வேலையுடுப்போடு நேரே வந்த தாய், நடுவில் எட்டாம் வகுப்பு மகன். ஆசிரியை நிறையச் சொல்கிறார். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை, மதியச் சாப்பாட்டு நேரம் நூலகத்தில் தனியே இருக்கிறான், வரலாற்றுக் கட்டுரைகள் வரவேயில்லை, வீட்டில் ஏதும் கவலையா என்று கேட்கிறார். மகன் தாயின் பக்கம் திரும்பினான்.

"நல்லாப் படிக்கிறனாம். கொஞ்சம் கூடக் கதைக்கட்டாம்."

"இவ்வளவு நேரமும் கதைச்சவ, இதைத்தானோ சொன்னவ?"

"ஓம் அம்மா."

பிறகு தாய் சொன்னார்: "தகப்பன் இரவு வேலை, நான் பகல் வேலை. பிள்ளையோட ஆறுதலா இருந்து கதைக்க நேரமில்லை. தன்ர பிள்ளைபோல நினைச்சுப் பாத்துக்கொள்ளட்டாம் எண்டு சொல்லு." மகன் ஆங்கிலத்தில் ஆசிரியையிடம் சொன்னது ஒரே வரி: அம்மா நன்றி சொல்கிறா.

அவன் ஏமாற்றினான் என்று நான் நினைக்கவில்லை. தாயை ஆசிரியைக்கு முன்னால் தாழவிடாமல் பார்த்தான். ஆசிரியையின் கவலை தாயின் நித்திரையைக் கெடுக்காமலும் பார்த்தான். இரண்டு பெரியவர்களைக் காப்பாற்றிவிட்டுத் தன் தனிமையைப் பையில் போட்டுக்கொண்டு போனான். வாடகை ஒப்பந்தம், வங்கி, குடிவரவுக் கடிதம், மருத்துவர் அறை என்று எல்லா இடத்திலும் இப்படிப் பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்கள். தாயின் மார்பில் கட்டி இருப்பதைத் தாய்க்கு முதலில் சொல்லவேண்டிய வேலை பன்னிரண்டு வயது மகளுக்கு வந்ததையும் நான் அறிவேன். அந்தப் பிள்ளையிடம் போய், உன்னுடைய அடையாளம் என்ன, நீ தமிழா கனடியனா என்று மேடை போட்டுக் கேட்பதற்கு முன்னால், அதன் தோளில் இருக்கிற மூட்டையை இறக்கவேண்டாமா? பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டால் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தருவார்கள். நவம்பரில் முன்னேற்ற அறிக்கை வந்த பிறகு கேட்காமல், அதற்கு முன்பே கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இங்கிருந்து 401 நெடுஞ்சாலையால் கிழக்கே போனால் கிங்ஸ்ரன் வரும். அங்கே குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் பெரி என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகளாக இந்த விடயத்தைத்தான் ஆராய்ந்தார். புதிய நாட்டுக்கு வருகிறவர் தன் பழைய பண்பாட்டை வைத்துக்கொள்ளலாம் அல்லது விடலாம். புதிய சமூகத்தோடு கலக்கலாம் அல்லது விலகி நிற்கலாம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நாலு வழிகள் கிடைக்கின்றன என்றார் அவர். இரண்டையும் வைத்திருப்பது, பழையதை விட்டுக் கரைந்துபோவது, பழையதோடு ஒதுங்கி வாழ்வது, இரண்டும் இல்லாமல் அந்தரத்தில் நிற்பது. அவரும் கூட்டாளிகளும் 13 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்ட குடியேறிய இளையோரிடம் கேட்டு, 2006-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். இரண்டையும் வைத்திருந்த பிள்ளைகளே மனத்தளவிலும் பள்ளிக்கூடத்திலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இந்த முடிவை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். பாதியைத்தான் சொல்வார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தன்னைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்று அதிகம் உணர்ந்த பிள்ளைகளில் இரண்டையும் வைத்திருந்தவர்கள் குறைவு. அவர்கள் ஒதுங்குவதும் அந்தரத்தில் நிற்பதும் கூடுதலாக இருந்தது. அதாவது, எந்த வழியால் போவது என்பதைப் பிள்ளை தனியே தீர்மானிப்பதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. பெரி இதை ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தியவர். கேட்டவர்கள்தான் பிள்ளைக்குரிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கதவு சாத்தப்படும்போது என்ன நடக்கும்? 1994-இல் கலிபோர்னியாவில், ஆவணமில்லாத குடியேறிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி உட்படப் பொதுச் சேவைகளை மறுக்கும் பிரேரணை 187-க்கு மக்கள் வாக்களித்தார்கள். நீதிமன்றம் பிறகு அதை நிறுத்தியது. ஆனால் அலெஹாந்திரோ போர்ட்டஸ், ரூபன் ரும்போ என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சான் டியேகோவிலும் மயாமிப் பக்கத்திலும் குடியேறியவர்களின் பிள்ளைகளை 1992 தொடக்கம் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். வாக்கெடுப்புக்குப் பிறகு திரும்பிப் போய்க் கேட்டபோது, சான் டியேகோவில் முன்பு தங்களை அமெரிக்கர் என்றும் மெக்சிக்கோ-அமெரிக்கர் என்றும் சொன்ன பிள்ளைகளில் கணிசமானோர் இப்போது வெறுமனே மெக்சிக்கர் என்று சொன்னார்கள். இவர்களில் பலர் மெக்சிக்கோவில் வாழ்ந்ததேயில்லை. பெற்றோர் ஊட்டியதால் வந்த பற்றும் அல்ல இது. நீ எங்களவன் இல்லை என்று நாடு சொன்னதற்குப் பிள்ளைகள் கொடுத்த பதில்.

எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கலிபோர்னியா போகவேண்டியதில்லை. 2009 மே 10. அன்னையர் தினம். இலங்கையின் வன்னியில் போரின் கடைசி நாட்கள். அன்று மாலை ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றவர்களில் எத்தனை பேர் இளையோர் என்பதை அங்கே நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்தின ஆண்டுவரை, தமிழ் வகுப்புக்கு வரச் சொன்னால் காய்ச்சல் என்று படுக்கிற பிள்ளைகள். போர் நடந்த முள்ளிவாய்க்காலை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைகள். தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு நின்ற தாய்மாரின் பக்கத்தில் கைகோத்து நின்றார்கள். கனடா 2006-இல் தடைசெய்த இயக்கத்தின் கொடியும் அங்கே பறந்தது. அடுத்த நாள் வானொலியிலும் பத்திரிகையிலும் பேச்சு கொடியையும் போக்குவரத்து நெரிசலையும் சுற்றியே போனது. சாகிறவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளிடம் சொன்னவர்களும் உண்டு.

நெடுஞ்சாலையை மறித்தது சரியா என்று இன்றும் எங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. இன்று நான் அதற்குள் போகவில்லை. அந்தக் கிழமைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிள்ளையைத்தான் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். போர் முடிந்துவிட்டது. வீட்டில் தகப்பன் தொலைபேசிக்குப் பக்கத்தில் பேசாமல் இருக்கிறார். வகுப்பில் மூலக்கூறுகள் பற்றிப் பாடம். எத்தனை பள்ளிகளில் ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, உன் வீட்டில் எல்லோரும் எப்படி என்று கேட்டார்? கேட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களை அந்தப் பிள்ளைகள் இன்று முப்பது வயதைத் தாண்டியும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நடந்து திரிகிற பள்ளிகளில் அந்த ஆசிரியர்கள் எண்ணிக்கையில் குறைவு.

கதவு திறந்த கதையும் உண்டு. நோர்வேயில் ஒருவர் இருக்கிறார், கம்சி குணரத்தினம். 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு நோர்வே போனவர். பத்தொன்பது வயதில் ஒஸ்லோ மாநகரசபை உறுப்பினர். 2011 யூலை 22-இல் உட்டோயா தீவில் தொழிற்கட்சி இளைஞர் முகாமில் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட நாள், அங்கேயிருந்து நீந்தித் தப்பியவர்களில் அவரும் ஒருவர். கொன்றவன் பல்கலாசார நோர்வேயை வெறுத்தவன். அந்த வெறுப்பின் முன்னால், கம்சி தன் இரண்டு பண்பாட்டையும் எவ்வளவு அழகாகச் சமப்படுத்தியிருந்தாலும் அது அவரைக் காத்திருக்காது. அந்தத் தீவில் செத்தவர்களில் பெரும்பாலோர் நோர்வேக்காரரின் பிள்ளைகள். பிறகு அந்த நகரம் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2015-இல் ஒஸ்லோ அவரைத் துணை நகரபிதாவாக ஏற்றது. 2021-இல் அவர் நாடாளுமன்றம் போனார். எங்கள் பிள்ளை வென்றுவிட்டது என்று நாங்கள் பெருமைப்பட்டோம், படவேண்டியதுதான். ஆனால் வாக்களித்த அந்த நகரத்து மக்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள்.

வெளியில் உள்ளவர்களைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். இனி வீட்டுக்குள் வருகிறேன். இது கொஞ்சம் கடினமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாத கதைகள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்து இருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். கனடாவின் தமிழர் வரலாற்றில் இது பெரிய நாள். முதலில் அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பல் ஏறியது பிறகு தெரியவந்தது, நாட்டில் பெரிய கோபம் எழுந்தது. ஆனாலும் அரசாங்கம் அவர்களைத் தங்கவிட்டது. இதை நான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கண் விரியக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லையே என்கிறார்கள். உங்கள் அப்பா எப்படி வந்தார் என்று கேட்டால், தெரியாது, பிளேனில் என்கிறார்கள். எந்தப் பிளேன், எத்தனை நாடு, யாருடைய கடவுச்சீட்டு, பாங்கொக்கில் எந்த அறையில் எத்தனை மாதம் என்று அந்த அப்பாவைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார். பிள்ளை கேட்டால், உனக்கேன் இப்ப அது, போய்ப் படி என்பார்.

ஏன் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். வலி. பயம். ஒரு காலம் உண்மையாகவே பத்திரங்களைப் பற்றி வாய் திறக்க முடியாத பயம் இருந்தது. பிள்ளைக்கு அந்த இருட்டு வேண்டாம் என்ற அன்பும் இருக்கிறது. ஆனால் கதையை மறைத்துவிட்டு, அந்தக் கதையிலிருந்து வந்த கட்டளைகளை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். நல்ல புள்ளி எடு, பொறியியல் படி, இரவில் வெளியே நிற்காதே, வீட்டில் தமிழில் கதை, அரங்கேற்றம் செய். ஏன் என்று தெரியாமல் வருகிற கட்டளை பிள்ளைக்கு வெறும் அதிகாரமாகத்தான் தெரியும். பத்து ஆண்டு பரதம் பழகி, மண்டபம் எடுத்து, ஊரைக் கூட்டி அரங்கேற்றம் முடித்த அடுத்த நாள் சலங்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய மகளை எங்களில் எத்தனை வீடு அறியும்! அவளுக்கு ஆட்டம் பிடிக்காமல் போகவில்லை. அது தன்னுடையது என்று அவள் ஒருநாளும் உணரவில்லை. அது குடும்பம் எழுதிய சோதனை, அவள் போய் இருந்து எழுதிவிட்டு வந்தாள்.

வேறொரு விடயமும் உண்டு. நாங்கள் கையளிக்க விரும்பும் பண்பாட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்கள். மொழி இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, தைப்பொங்கல் இருக்கிறது, அடியில் சாதியும் இருக்கிறது. கலியாணப் பேச்சு வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற சாதி. கனடாவில் அதெல்லாம் இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டு, தொலைபேசியில் அவை எந்தப் பகுதி ஆக்கள் என்று விசாரிப்பதை மகள் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை, பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருப்பதை ஏற்று, அதைக் கையாள வழிகாட்டல் வேண்டும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தைக் கேட்கத் தீர்மானித்தது. கொண்டுவந்தவர் தமிழரான அறங்காவலர் யாழினி இராஜகுலசிங்கம். இந்தத் தலைமுறை பண்பாட்டை வேண்டாம் என்று எறியவில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. அக்கறை இல்லாதவர் ஒன்றைத் திருத்த இவ்வளவு பாடுபட மாட்டார். எதை எடுப்பது, எதை இங்கேயே நிறுத்துவது என்று தெரிவுசெய்யும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் எங்களை விட்டுத் தூரப்போய் எடுத்துக்கொள்வார்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கவேண்டும். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்த பிறகு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருந்து வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய உச்சரிப்பையும் உடுப்பையும் பார்த்து 'ஃபொப்', அதாவது இப்போதுதான் கப்பலால் இறங்கியவன், என்று சிரிப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளல்ல. அநேகமாகத் தமிழ்ப் பிள்ளைகள். உங்கள் தாய் தகப்பனைப் பார்த்து முப்பது ஆண்டுக்கு முன் வேறு யாரோ சிரித்த அதே சிரிப்பு அது. புதிதாக வந்த பிள்ளைக்கு ஊரில் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் மனப்பாடம், இங்கே பேருந்தில் எப்படி இறங்குவது என்று தெரியாது. உங்களுக்கு இரண்டாவது தெரியும். கோடை விடுமுறைக்கு நீங்கள் யாழ்ப்பாணம் போகும்போது, சந்தையில் உங்களைப் பார்த்ததும் விலை கூடுகிறதே, மச்சாள்மார் உங்கள் தமிழைக் கேட்டு வாயைப் பொத்துகிறார்களே, அப்போது உங்களுக்குள் என்ன நடக்கும் என்று நீங்கள் அறிவீர்கள். இங்கே புதிதாக வந்த பிள்ளைக்கு அது ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

கடைசியாக இந்தச் சனிக்கிழமை வகுப்பு. ஒன்ராறியோ அரசாங்கம் 1977-இல் மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பணத்தில், அரசுப் பள்ளிக் கட்டடத்தில், கிழமைக்கு இரண்டரை மணி நேரம் வரை. போதிய பெற்றோர் எழுத்தில் கேட்டால் கல்விச் சபை நடத்தியே ஆகவேண்டும். 1988-இல் பல்கலாசாரச் சட்டம் வந்தபோது, ஒருவர் தன் மரபைக் காப்பது இந்த நாட்டின் விருப்பத்துக்கு எதிரானதல்ல, அதற்கு உட்பட்டதே என்று நாடே எழுதிவைத்தது. இது சும்மா கிடைத்ததல்ல. எங்களுக்கு முன்னால் வந்த இத்தாலியரும் உக்ரேனியரும் போர்த்துக்கேயரும் போராடி வாங்கிய ஏற்பாடு. ஆனால் இந்த இரண்டரை மணி நேரத்தை நாங்கள் எப்படிச் செலவிடுகிறோம்? ணகரம் னகரம் பிழைத்ததற்குச் சிவப்புக் கோடு போட்டே பெரும்பகுதி போகிறது. எழுத்து வேண்டும், கட்டாயம் வேண்டும், நானும் ஆசிரியர்களின் பக்கம்தான். ஆனால் எழுதுவதற்குப் பிள்ளையிடம் ஒரு விடயமும் இருக்கவேண்டும்.

அதனால் ஆசிரியர்களோடு பேசி இந்தத் தவணைக்கு மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை ஒழுங்குசெய்திருக்கிறோம். இங்கே பிறந்த ஒரு பிள்ளையும் அண்மையில் வந்த ஒரு பிள்ளையும் சோடியாக, இருவர் வீட்டுக்கும் போய்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவரவேண்டும். ஒருவருக்குத் தெரியாத எழுத்தை மற்றவர் எழுதுவார், மற்றவருக்குத் தெரியாத நாட்டை இவர் விளக்குவார். கேள்விகளைப் பிள்ளைகளே தயாரித்தார்கள். நேற்று அந்தத் தாளைப் பார்த்தேன். எந்தப் பாதையால் வந்தீர்கள், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள், வந்த முதல் குளிர்காலம் என்ன வேலை செய்தீர்கள், என்ன வேலை செய்ய விரும்பினீர்கள், எங்களை எங்கே வளர்க்க நினைத்தீர்கள், சாதி பார்த்துத்தான் கலியாணம் செய்தீர்களா, திரும்பிப் போக ஆசையா, நாங்கள் உங்களுக்கு ஏமாற்றமா. ஒரு கேள்வியையும் நான் வெட்டவில்லை, வெட்டவேண்டாம் என்று ஆசிரியர்களையும் கேட்டிருக்கிறேன். வருகிற கிழமை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தேத்தண்ணி கொடுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.